பன்னுக்கு ஒரு மூலை

வயலின் கடைசி வரம்பை அடுத்துக் கிடக்கும் சேற்று மூலையின் கணக்கைக் கமக்காரர் தனியாக எழுதிப் பார்ப்பதில்லை. மேல் வயல்களிலிருந்து கசிந்துவரும் நீர் அங்கே வந்து தேங்குகின்றது. உழவு இயந்திரம் இறங்கினாற் புதைகின்றது. விதைத்த நெல்லில் ஒரு பகுதி அழுகிப்போக, எஞ்சியது மஞ்சளித்துக் குறுகி நிற்கின்றது. ஆயினும், போகந்தோறும் அம்மூலைக்கும் விதைநெல், பசளை, களைகொல்லி, கூலி என்பன மற்றைய இடங்களுக்கு ஆகும் அளவிலேயே செலவாகின்றன. ஏக்கருக்கு 100 புசல் விளையும் வயலொன்றை எடுத்துக்கொண்டால், அதில் 10 பேர்ச்சு அளவான மூலையொன்று 6 புசலுக்குச் சற்று மேலாகத் தருதல் வேண்டும். நீர் வடியாத மூலையில் 2 புசல் கிடைத்தால் அதுவே பெரிது. நல்ல நிலத்தின் இலாபம் இந்த நட்டத்தை மூடி மறைத்துவிடுவதால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அத்தகைய மூலையிலே எவரும் விதையாமலே வளர்வது பன். அதை வெட்டி எறிகின்றனர்; மருந்து தெளிக்கின்றனர்; கோடையிலே தீயிடுகின்றனர். அடுத்த மழைக்கு அது மீண்டும் தளிர்க்கின்றது. தனக்கு ஏற்ற பயிர் எது என்பதை நிலம் ஆண்டுதோறும் காட்டிக்கொண்டிருக்க, கமக்காரர் ஆண்டுதோறும் அதனோடு வழக்காடுகின்றனர். பன்னைக் களையென்று ஒதுக்குவதை விடுத்து, அதற்கென வரையறுத்த இடத்திலே ஒரு பயிராக நட்டுப் பேணுவதே தக்கது என்பது இத்துண்டுப்பிரசுரத்தின் கருத்தாகும்.

பன் என்ற ஒரே பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட தாவரங்கள் அழைக்கப்படுகின்றன. பாய்க்கு உதவும் பன் புல்லன்று. கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. புல்லின் தண்டு உருண்டு, கணுக்களோடு, பெரும்பாலும் உட்குழாயாக இருக்கும். கோரையினத்தின் பூந்தண்டோ கணுவின்றி, உள்ளே வெண்ணிறச் சோற்றியோடு, முக்கோணமாகவோ முனை மழுங்கிய முக்கோணமாகவோ இருக்கும். தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்த்தால் சிறு பிள்ளையும் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளும். குளங்களிலே கபில நிறக் கதிரோடு உயர்ந்து நிற்கும் சம்புப்புல் வேறு குடும்பத்தது. அதன் இலையாலும் பாய் இழைப்பதுண்டு. எனினும் அது இங்கு கூறப்படும் பயிரன்று.

கோரையினப் பன்னிலும் இருவகையைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒன்று ஆளுயரத்துக்கு மேல் வளரக்கூடிய, தடித்த, கூரிய முக்கோணத் தண்டுடைய பெரும்பன். இது நிலத்தினுள்ளே நீண்ட ஓடுதண்டுகளை விட்டு, அவற்றின் நுனியிலே சிறு கிழங்குகளை வைக்கும். சிங்களத்திலே இதைத் துன்ஹிரிய என்பர். பாய்க்கு இதுவும் உதவும். ஆனால் வயலருகே இதை நடுதல் வம்பை விலைகொடுத்து வாங்குதலாகும். நெல் வயலினுள் நுழைந்த பெரும்பன்னை ஓரிரு போகத்தில் ஒழித்தல் இயலாது. மற்றையது, மெல்லிய வழவழப்பான தண்டுடைய, கட்டையான வேர்த்தண்டுக் கிழங்கிலிருந்து நெருங்கித் தளிர்க்கும் பன். நட்டு வளர்ப்பதற்குரியது இதுவே. ஊருக்கு ஊர் பெயர் மாறுமாதலால், பெயரை நம்பாது, நிலத்தைத் தோண்டிக் கிழங்கைப் பார்த்தே தெரிந்துகொள்ளல் வேண்டும். அதைவிட எளிய வழியும் உண்டு: பாய் இழைக்கும் பெண்ணொருவரை அழைத்துக் காட்டினால், எந்தப் பன் உறங்குவதற்குரிய பாயாகும், எது களத்துப் பாய்க்கு மட்டுமே உதவும் என்பதை அவர் தொட்ட மாத்திரத்திலே கூறிவிடுவார்.

பன்பாய் இல்லாத வேளாண்மை வீடு முன்பு இருந்ததில்லை. குழந்தையைக் கிடத்துவதற்கும், விருந்தினரை இருத்துவதற்கும், புழுங்கல் நெல்லைக் காயவிடுவதற்கும், களத்திலே பொலியைக் காப்பதற்கும் பாயே வேண்டியதாயிற்று. இப்பொழுது களத்தைப் படங்கும், வீட்டைப் பிளாத்திக்குப் பாயும் பிடித்துக்கொண்டன. மலிவும், நனைந்தாற் கெடாமையும் அவற்றின் சிறப்புக்கள், இதை மறுத்தற்கில்லை. ஆனால் வெப்பம் மிகுந்த இரவிலே பிளாத்திக்குப் பாயிற் படுத்தெழுந்தவரின் முதுகு வியர்வையால் நனைந்திருப்பதையும், பன்பாயிற் படுத்தவரின் முதுகு உலர்ந்திருப்பதையும் எவரும் அறிவர். பன்பாயைக் கேட்பவர் இன்றும் உளர். தட்டுப்பாடு கேட்பவரில் அன்று, பன்னிலேதான் இருக்கின்றது.

இத்தட்டுப்பாட்டின் சுமை முழுவதும் பெண்களின் தலையிலே விழுகின்றது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் வன்னிப் பகுதியிலும் பன் சேர்ப்பதும் இழைப்பதும் பெரும்பாலும் பெண்களின் தொழில்கள். அவர்களுட் பலருக்குச் சொந்தமாக வயல் இல்லை. முன்பு வீட்டுக்கு அண்மையிலிருந்த சிறு குளத்தின் ஓரத்திலே ஒரு காலைப்பொழுதில் வெட்டி முடித்த பன்னை, இப்பொழுது பல மைல் தூரம் சென்று, முதலையும் அட்டையும் உள்ள நீரிலே இடுப்பளவு இறங்கி வெட்ட வேண்டிய நிலை பல ஊர்களில் உண்டு. தொலைவிலிருந்து கட்டாகச் சுமந்து வரவேண்டியிருப்பதால், முற்றியதும் முற்றாததும் ஒன்றாக வெட்டப்படுகின்றன. மீண்டும் வர இயலாது என்ற அச்சத்தாற் கிழங்கோடு பிடுங்கப்படுவதும் உண்டு. இவ்வாறு ஒரு பன்வெளி இரண்டு மூன்று ஆண்டுகளிலே வெறுஞ்சேறாகி, அங்கே சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் குடியேறுகின்றன. வெட்டுபவரைக் குறைகூறுவது எளிது. பொதுவிடத்திலே தானாக முளைக்கும் ஒன்றை எவரும் பேணாதிருக்க எல்லாரும் எடுத்தால் நிகழ்வது இதுவே.

பன் நட்டு வளர்க்கப்பட வேண்டியது என்ற எண்ணமே இலங்கையிற் பெரும்பாலான கமக்காரருக்குப் புதிதாகத் தோன்றலாம். அயல்நாட்டிலே அது புதிதன்று. தமிழ்நாட்டிலே காவிரிக் கரையோரமாகக் கரூர், நாமக்கல், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலே பாய்க்கோரை நன்செய்ப் பயிராக நடப்படுகின்றது. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அக்கிழங்கிலிருந்தே வெட்டிக்கொள்கின்றனர். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையிலே தாமிரபரணிக் கோரையை நீரில் ஊறவைத்து, மிக நுண்ணியதாகக் கிழித்து நெய்யும் பாய், பட்டுத்துணிபோல மடிக்கத்தக்கதெனப் பெயர் பெற்றது. மேற்கு வங்காளத்து மேதினிபுரிப் பகுதியிலும் மதூர் எனப்படும் பாய்க்கான கோரை வயலிலேயே பயிரிடப்படுகின்றது. அதற்கு 2018 ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. யப்பானியர் தம் வீட்டுத் தளத்தில் விரிக்கும் தத்தாமிப் பாய்க்கான இகுசா என்னும் தண்டை நெல் வயலிலே குளிர்காலத்தில் நட்டுக் கோடையில் அறுக்கின்றனர். அது கோரைக் குடும்பத்தைச் சேராவிடினும், ஈரநிலப் பயிரொன்றை நெல்லோடு சேர்த்து நடத்தும் முறைக்கு நல்ல சான்றாகும். இவ்விடங்களிலெல்லாம் பாய்த்தொழில் நிலைத்து நிற்பதற்கு இழைப்பவரின் கைத்திறன் மட்டும் காரணமன்று. கச்சாப்பொருளை உறுதியாகத் தரும் வயலும் காரணமாகும்.

பன் நடுவதற்கு எதிராகக் கமக்காரர் கூறும் நியாயங்களைப் புறக்கணித்தல் தகாது. பன் பரவும் என்பது முதலாவது. உண்மை, பரவும். ஆயினும் அது நடந்து பரவுவது ஈரம் தொடர்ந்துள்ள சேற்றின் வழியாகவே. உயர்ந்த, இறுகிய வரம்பொன்றையும் அதன் பன்புறமாக ஓர் அடி ஆழமான சிறு கானொன்றையும் கடந்து செல்ல அதற்கு வலிமை குறைவு. ஆண்டுக்கு இருமுறை அக்கானை மண்வெட்டியால் துப்புரவு செய்து, உள்ளே நீட்டிய கிழங்குகளை அறுத்து எடுத்துவிடுபவரின் வயலுக்குப் பன் வராது. அவ்வளவு வேலைக்கும் மனமில்லாதவர் பன் நடாதிருத்தலே நன்று.

பன்பற்றையிலே எலி தங்கும் என்பது இரண்டாவது. இதுவும் உண்மையே. ஆனால் வெட்டாது விடப்பட்ட பற்றையிலேதான் எலி தங்குகின்றது. ஆண்டுக்கு இருமுறை அடியோடு அறுக்கப்படும் பன்பாத்தியைவிட, நெற்செய்கையும் இன்றிப் பராமரிப்பும் இன்றிப் புதர்மண்டிக் கிடக்கும் மூலையே எலிக்கு உகந்த இருப்பிடம். நெற்கதிர் பால்பிடிக்கும் காலத்திலே அருகிலுள்ள பன் பூத்துச் சாய்ந்து கிடக்க விடலாகாது. பூந்துணர் நன்றாக விரியுமுன் அறுப்பதனாற் பாய்க்கு நல்ல தண்டும் கிடைக்கும். விதை விழுந்து வயலிலே முளைப்பதும் தடுக்கப்படும்.

மூன்றாவது நியாயம் குளத்தைப் பற்றியது. குளத்திற் பன் வளர்ந்தால் குளம் தூர்ந்துவிடும் என்கின்றனர். இதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். குளத்தினுள் எங்கே பன் நிற்கின்றது என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன. துருசின் வாயிலும், வானுக்குச் செல்லும் வழியிலும், குளத்தின் ஆழமான நடுப்பகுதியிலும் பன் நிற்பது தீமை. அதை அகற்றியே ஆகவேண்டும். ஆனால் மழைநீர் குளத்தினுள் நுழையும் மேல் ஓரத்திலே நிற்கும் பன்னும் புல்லும் வெள்ளத்தின் வேகத்தை அடக்கி, அது கொண்டுவரும் மண்ணைத் தம் அடியிலே நிறுத்திவிடுகின்றன. அவற்றை அகற்றினால் அம்மண் குளத்தின் நடுவுக்கே வந்து சேரும். வரண்ட வலயத்துப் பழைய குளக்கிராமங்களிலே குளத்தின் மேற்பக்கத்துப் புற்றரைக்குப் பெரஹன என்றும், கட்டுக்கும் முதல் வயலுக்கும் இடையே விடப்பட்ட ஈரப் பற்றைக்குக் கட்டக்கடுவ என்றும் சிங்களத்திற் பெயர்கள் உண்டு. முன்னது மண்ணை வடிகட்டியது. பின்னது கட்டின் அடியாகக் கசியும் நீரின் உவர் வயலை அடையாது தடுத்தது. பன்னினங்கள் இவ்விடங்களிலே இயல்பாக வளர்ந்தன. இத்தொடர் குள முறையை உலக உணவு விவசாயத் தாபனம் 2017 ஆம் ஆண்டிலே பேணத்தக்க விவசாயப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. அவ்வாறிருக்க, குளத் திருத்த வேலை வந்ததும் இயந்திரத்தை இறக்கிக் கரை முழுவதையும் ஒருசேரச் சுரண்டி வெறுமையாக்குவதைத் திருத்தம் என்று எவ்வாறு கூறுவது? வேலை தொடங்குமுன் எப்பகுதிப் பன் அகற்றப்பட வேண்டும், எப்பகுதிப் பன் நிற்க வேண்டும் என்பதைத் தடி நட்டுக் குறித்துக்கொடுத்தல் கமக்காரர் அமைப்பின் கடமையாகும். அவ்வேளையில் அகற்றப்படும் கிழங்கே வயல் மூலைகளில் நடுவதற்குப் போதுமானது. இப்பொழுது அது கரையிற் குவிக்கப்பட்டு வெயிலிற் கருகுகின்றது.

குளத்துப் பன்னை வெட்டும் பெண்கள் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. நீர் திறக்கும் நாளும், மாடுகளை அப்புறப்படுத்தும் நாளும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. பன் வெட்டும் நாள் எவருடைய நினைவிலும் எழுவதில்லை. பன் நிற்கும் ஓரத்தை இரு பாதியாகப் பிரித்து, ஒரு போகத்தில் ஒரு பாதியை மட்டும் வெட்ட விடுதல், கிழங்கோடு பிடுங்குதலைத் தடுத்தல், அவ்வூரில் இழைப்பவருக்கே முதலுரிமை அளித்தல் ஆகியன அக்கூட்டத்திலே எளிதில் முடிவுசெய்யத்தக்கவை. வயல் உள்ளவரின் கூட்டத்திலே வயல் இல்லாதவரின் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். குளம் வயல் உள்ளவருக்கு மட்டும் உரியதன்று என்பதே அதற்கு விடை.

இனி நடுகை முறை. இடத்தைத் தெரிவதிலே அவசரம் கூடாது. ஆண்டின் பெரும் பகுதியில் ஈரம் வற்றாததும், வெயில் நன்றாகப் படுவதுமான இடமே ஏற்றது. மரநிழலிற் பன் வளரும். ஆயினும் தண்டு மெலிந்து வெளிறிச் சாய்ந்துவிடும். வாய்க்காலினுள்ளும், குளக்கட்டின் மீதும், துருசுக்கு அண்மையிலும் எக்காரணத்தைக் கொண்டும் நடலாகாது. நல்ல நெல் விளையும் நிலத்தை இதற்கு ஒதுக்குவதும் அறிவுடைமையன்று. நெற்காணியிலே வேறு பயிரிடுவது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்கு உட்பட்ட விடயமாதலால், மூலை சிறிதாயினும் கமநல சேவை நிலையத்திலே கேட்டு எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்க. குளத்துக்குரிய ஒதுக்கு நிலத்தில் நட விரும்புவோர் கமக்காரர் அமைப்பின் இணக்கமின்றி ஒரு கிழங்கையும் நடலாகாது.

முதலாண்டிலே 2 பேர்ச்சுக்கு மேல் நடாதிருத்தல் நன்று. ஓரடிக்கு ஓரடி இடைவெளியில் நட்டால் அதற்கு ஏறத்தாழ 550 நடுகைத் துண்டுகள் வேண்டும். நோயற்ற, செழித்த பற்றையிலிருந்து கிழங்கைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் உயிருள்ள இரண்டு மூன்று முளைகள் இருக்குமாறு வெட்டுக. பழைய தண்டை ஒரு சாண் விட்டு மேற்பகுதியை நறுக்கிவிடுக. நீண்ட தண்டோடு நட்டால் காற்று அலைக்கழித்து வேர்விடாது செய்யும். வெட்டிய துண்டுகளை நனைந்த சாக்கினால் மூடி நிழலில் வைத்தால் இரண்டொரு நாள் தாங்கும். எனினும் தோண்டிய நாளிலேயே நடுவதே சிறந்தது.

ஐப்பசி மழை நிலத்தைக் குழைத்தபின், கார்த்திகை வெள்ளம் நிரம்புமுன் நடுதல் வேண்டும். இவ்விடைக்காலம் குறுகியது. பிந்தி நட்டால் துண்டுகள் வெள்ளத்திலே மிதந்துபோகும். மண்ணைச் சேறாக்கிச் சமப்படுத்தி, கிழங்கு இரண்டு அங்குல ஆழத்திலும் முளை மேலேயும் இருக்குமாறு அழுத்தி நடுக. முதல் மூன்று கிழமைகளுக்குச் சேறு ஈரமாயிருந்தாற் போதும்; முளையை மூடும் நீர் கூடாது. புதுத்தளிர் ஒரு சாண் உயர்ந்தபின் கணுக்கால் அளவு நீரைத் தாங்கும். வளர்ந்த பன் சில நாள் முழங்கால் வெள்ளத்தையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஓயாது ஆழ்ந்த நீரில் நிற்கும் பன்னிலே தண்டுகளின் தொகை குறையும். நீர் முற்றாக வற்றி நிலம் வெடித்தால் தண்டு குட்டையாகும். கிழங்கு இறவாது, மழையோடு மீளும்.

முதல் மூன்று மாதங்களிலே களை பிடுங்காவிடின் பாத்தி புல்லுக்கே சொந்தமாகிவிடும். இரண்டாமாண்டிலிருந்து பன்னே தன் நிழலாற் களையை அடக்கிக்கொள்ளும். எம். சீ. பீ. ஏ. போன்ற, கோரையையும் அகன்ற இலைக் களையையும் கொல்லும் மருந்தை நெல்லுக்குத் தெளிக்கும்போது காற்றின் திசையை நோக்குக. நெல்லுக்குத் தீங்கு செய்யாத அம்மருந்து பன்னைக் கருக்கிவிடும். ஏனெனில் அது கொல்வதற்கென்றே வாங்கப்பட்ட கோரையின் குடும்பத்தைச் சேர்ந்ததே பன்னும். தெளிகருவியைக் கழுவிய நீரைப் பன்பாத்தியில் ஊற்றுவதும் இவ்வாறே கெடுதி.

பசளை அதிகம் வேண்டியதில்லை. நடுமுன் உக்கிய மாட்டெருவும், ஒவ்வொரு வெட்டின் பின்னும் வாய்க்காலிலிருந்து வாரிய வண்டலும் இட்டாற் போதும். நெல்லுக்கு வாங்கிய யூரியாவின் மிச்சத்தை இங்கே கொட்டுவோர் உண்டு. நைதரசன் மிகுந்தால் தண்டு விரைவாக நீளும். ஆனால் சோற்றி நெகிழ்ந்து, உலர்ந்ததும் சுருங்கி, இழைக்கும்போது முறியும். நீளத்தைப் பார்த்து மகிழ்பவர் கமக்காரர். முறிவைக் கண்டு வருந்துபவர் இழைக்கும் பெண். பன்னின் தரத்தை அளப்பவர் பின்னவரே. எருமையும் மாடும் இளந்தளிரை மேய்வதோடு பாத்தியையும் மிதித்துக் குழப்புமாதலால் முதலாண்டில் வேலி அவசியம். கிளுவைக் கதியால் போதுமானது.

மரக்கறிச் செய்கையாளர் தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணவேண்டாம். கிணற்றடியிலே குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தேங்கி நுளம்பு பெருகும் இடம் அநேகமாக எல்லா வளவிலும் உண்டு. அங்கே இரண்டு மூன்று வாழைகளோடு, கிணற்றுச் சுவருக்கு அணித்தாகாது, அகன்ற ஆழமற்ற பள்ளமொன்றிற் பன் நட்டால், அந்நீரைப் பன் உறிஞ்சிப் பயன்படுத்தும். மரக்கறித் தோட்டத்தின் வடிகான் முடிவிலும் இவ்வாறு நடலாம். பாத்தியிலிருந்து வடிந்து வீணாகும் பசளையில் ஒரு பகுதியை அது தன் தண்டாக மாற்றிக்கொள்ளும். பாய்க்கு உதவாத குட்டைத் தண்டுகள் கீரைப்பிடி கட்டவும், கத்தரி, மிளகாய்ப் பாத்திகளின் மண்ணை மூடி ஈரம் காக்கவும் உதவும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. மரக்கறிப் பாத்திகளைப் பாழாக்கும் கோரைக்கிழங்கு பன்னின் உறவினமே. சங்கிலிபோலக் கோத்திருக்கும் அதன் கிழங்குகள் மண்வெட்டியால் அறுபட்டால் ஒன்று பலவாகும். பன் துண்டுகளை வாங்கும்போது அவற்றோடு ஒட்டிய மண்ணை முற்றாகக் கழுவி, கறுத்த உருண்டைக் கிழங்கு ஒன்றேனும் இல்லை என்பதைக் கண்டபின்பே வளவினுள் கொண்டுவருக.

வெட்டும் பருவத்தை ஆண்டுக் கணக்காலன்றித் தண்டைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். நட்ட பாத்தி ஏறத்தாழ ஆறு மாதத்தில் முதல் வெட்டுக்கு வரும். தண்டு முழு நீளத்தை அடைந்து, பச்சை மாறாது, நுனியிலே பூந்துணர் தலைகாட்டும் நிலையே தக்க பருவம். அதற்கு முன் வெட்டியது உலர்ந்ததும் நூல்போலச் சுருங்கும். பின் வெட்டியது மஞ்சளித்துப் பொடியும். வெயிலுள்ள காலைப்பொழுதிலே கூரிய அரிவாளால், நிலத்துக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு அறுக்க. நீருக்குள் அறுத்தால் அடிக்கட்டையினுள் நீர் இறங்கி அழுகும். ஆகையால் வெட்டுக்கு ஒரு கிழமை முன்னர் நீரை வடித்துவிடல் நன்று. அறுத்ததை அங்கேயே நீளவாரியாகத் தெரிந்து கட்டுக. மூன்றடிக்குக் குறைந்தவை தடுக்குக்கும் பெட்டிக்கும் மட்டுமே உதவும். பருத்த தண்டுகளைப் பச்சையாக இருக்கும்போதே இரண்டாகவோ மூன்றாகவோ கிழித்துவிடல் வேண்டும். உலர்ந்தபின் அவை நேராகக் கிழியா.

விலையைப் பற்றி மிகைப்படக் கூறுதல் தகாது. பன் எவரையும் செல்வராக்காது. வடிகால் வசதியுள்ள நிலத்திலே மிளகாயும் வெங்காயமும் தரும் வருவாய்க்கு அது ஈடாகாது. நல்ல நெல் நிலத்துக்கும் ஈடாகாது. நட்டம் தரும் மூலையொன்றிலே செலவை நிறுத்தி, ஆண்டுக்கு இருமுறை ஏதேனும் வருவாய் பெறுவதே இதன் பயன். அவ்வருவாயும் பன்னைக் கட்டாக விற்றாற் சிறிது. வீட்டிலே இழைத்துப் பாயாக விற்றாற் பெரிது. இழைப்பவர் வீட்டில் இல்லையெனில், அயலிலுள்ள பெண்களுக்கு வாரத்துக்குக் கொடுக்கலாம். வாரம் பேசும்போது வெட்டும் வேலையும், கிழிக்கும் வேலையும், உலர்த்தும் வேலையும், இழைக்கும் நாட்களும் யாருடையவை என்பதைக் கணக்கிட்டே பேசுதல் வேண்டும். மூலை எவ்வித முயற்சியுமின்றி வளர்த்த தண்டுக்குப் பாதிப் பாயைக் கேட்பது நேர்மையாகாது.

உலர்த்துதலே கடைசி வேலையும் அதிகம் கெடும் வேலையுமாகும். பன்னை மெல்லிய படையாகப் பரப்பி, நண்பகலில் ஒருமுறை புரட்டி, மாலையிற் பனி படாது எடுத்து உள்ளே வைத்தல் வேண்டும். ஒரு மழை பட்டாலும் கரும்புள்ளி விழும்; புள்ளி விழுந்த தண்டு சாயத்தை ஏற்காது. நன்றாக உலர்ந்த கட்டுக்களை அடுப்படிப் பரண்மேல் வைத்தாற் பூஞ்சணமும் பூச்சியும் அணுகா. கார்த்திகைக்கு முன் நட்ட பாத்தி சித்திரை வெயிலிலே முதல் வெட்டுக்கு வருவது இதற்கு வாய்ப்பானது. சிறுபோக நீரால் தளிர்த்த இரண்டாம் வெட்டை ஆவணியில், பிந்தினாற் புரட்டாதி முற்பகுதியில் முடித்துவிடுக. ஐப்பசி வரை பார்த்திருந்தவர், வெட்டிய பன்னை உலர்த்த முற்றம் இன்றி, வீட்டாரின் படுக்கை இடத்தையே அதற்கு விட்டுக்கொடுக்க நேரும்.